ஒட்டியாணத்தைத் தொட்டால்

வாயசைக்கத் தெரிகிறதா பார் மூதேவிக்கு. ‘நீர்’ என்றால் உதடு விரிய வேண்டும், ‘குளம்’ என்றால் குவிய வேண்டும், இவ்வளவுதானே, இதற்குப் பெரிய படிப்பா வேண்டியிருக்கிறது. தன்யஸ்ரீ எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி பபிள்கம் மென்றுகொண்டிருந்தாள். மேடையின் வலதுபக்கத் திரைக்குப் பின்னால், கால் ஆடுகிற ஸ்டூலில் உட்கார்ந்து, மைக்கை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, திரையின் இடுக்கு வழியாக அந்த வாயையே முறைத்துப் பார்த்தபடி, ராணிக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள் முப்பிடாதி. முன்னால் பட்டுச்சேலையும் கிரீடமுமாக நிற்கிற ராணி தன்யஸ்ரீ. பின்னால் மெரூன் கோட்டும் ரெட்டைச் சடையுமாக உட்கார்ந்திருக்கிற குரல் முப்பிடாதி. இரண்டு பேரும் பதினொன்றாம் வகுப்பு, ஒரே பெஞ்சு வேறு. இந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழா நாடகம் என்றைக்கும் இப்படித்தான். திறந்தவெளி மேடை, மேலே தொங்கவிடுகிற மைக் காற்று அடிப்பதைப் பிடிக்குமே தவிர பிள்ளைகள் பேசுவதைப் பிடிக்காது. அதனால் லட்சணமாக இருக்கிறவள் முன்னால் நின்று வாயசைப்பாள், குரல் கணீரென்று இருக்கிறவள் பின்னால் உட்கார்ந்து பேசுவாள். யார் எப்போது ஆரம்பிப்பது என்று குழம்பாமலிருக்க ஆளுக்கு ஓர் அடையாளம் உண்டு. மந்திரி மீசையைத் தடவினால் மந்திரியின் வசனம், தூதுவன் ஓலையைத் தூக்கினால் தூதுவனின் வசனம், ராணி இடதுகையால் இடுப்பு ஒட்டியாணத்தைத் தொட்டால் ராணியின் வசனம். பழகிப் பழகி, வகுப்பில் எவளாவது இடுப்பைச் சொறிந்தால்கூட இப்போதெல்லாம் முப்பிடாதிக்கு நாக்கு துறுதுறுக்கிறது. இதோ தொடுகிறாள். “எங்கள் குளத்து நீரை அளந்து பார்க்க உங்கள் மன்னருக்கு ஆசையோ?” என்றாள் முப்பிடாதி மைக்கில். குரல் மைதானம் முழுக்கப் போய் எதிர்க் காம்பவுண்டுச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. முன்னால் பபிள்கம் மென்றது. முதல் வரிசையில் இருந்த சிறப்பு விருந்தினர் பக்கத்தில் இருந்த ஹெச்.எம்.மிடம் ராணியைக் காட்டி என்னமோ சொல்லித் தலையை ஆட்டினார். முப்பிடாதிக்கு அடிவயிற்றிலிருந்து தொண்டைவரை எரிந்தது.

எரியாதா பின்னே. இந்த வருஷம் அவள்தானே ராணி. ஜூலை மாசமே சற்குணம் டீச்சர் பிரேயரில் வைத்துச் சொல்லியாகிவிட்டது, இந்தத் தடவை எல்லாருக்கும் காலர் மைக் வாடகைக்கு எடுக்கிறோம், அவரவர் வசனத்தை அவரவரே பேசலாம், ராணி முப்பிடாதி என்று. அதற்கப்புறம் தினமும் சாயந்தரம் ரிகர்சல். நடப்பது எப்படி, நின்று திரும்புவது எப்படி, கோபம் வந்தால் கையை எங்கே வைப்பது, எல்லாம் அவளாக யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தது. தன்யஸ்ரீ அப்போது பின்னால் விசிறி வீசுகிற தோழி. வீசுவாள், கொட்டாவி விடுவாள், மறுபடி வீசுவாள். காலர் மைக் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாருக்கும் தெரியாது, வரவில்லை, அவ்வளவுதான். ஸ்டாஃப் ரூம் வாசலில் கூப்பிட்டு நிறுத்திச் சற்குணம் டீச்சர் தோளில் கை போட்டார். தோளில் கை போடும்போதே தெரிந்திருக்க வேண்டாமா. “ஏட்டி முப்பிடாதி, பழையபடி பின்னாலருந்துதான் பேசணும்னு ஆகிப்போச்சு. ராணிக்குப் பேச இந்த ஸ்கூல்லயே ஒன் கொரலுக்கு மிஞ்சி கொரல் கெடையாது பாத்துக்கோ. ஒன் கொரலுக்காகத்தான் ஒன்னயப் பின்னால வைக்கேன். முன்னால சும்மா ஒரு ஆள் நிக்கணும், தன்யா நிக்கட்டும், என்ன?” என்ன அழகு பார்த்தீர்களா. உள்ளதிலேயே நல்ல குரல் என்பதற்காக ஒருத்தியைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உட்கார வைக்கிறது. திட்டியிருந்தால் திருப்பி ஏதாவது கேட்டிருப்பாள். பாராட்டிவிட்டார், பாவி. பாராட்டினால் என்ன சொல்ல முடியும்? “சரி டீச்சர்” என்றாள். அதுதான். அங்கேதான் எல்லாம் போயிற்று. அப்போ நானே முன்னால நிக்கேன், கொரலுக்கு வேற யாரையாவது வையுங்க டீச்சர் என்று கேட்டிருக்கலாம். இல்லை, முன்கூட்டியே ரெக்கார்டு பண்ணிப் போட்டால் என் குரலுக்கு நானே வாயசைப்பேனே என்று கேட்டிருக்கலாம். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது இப்படி எத்தனையோ பதில் வந்தது, ஒன்றைவிட ஒன்று நறுக்கென்று. வாசலில் நிற்கும்போது வந்தது சரி டீச்சர் மட்டும்தான். யார் கற்றுக்கொடுத்தது இந்தச் சரி டீச்சரை? பெஞ்சு மாறி உட்காரு, சரி டீச்சர். நீ கோலப்போட்டிக்கு வேண்டாம், தண்ணி எடுத்து வை, சரி டீச்சர். நீ நடக்கிறதை அவளுக்கும் சொல்லிக்கொடுத்துரு, சரி டீச்சர். ஆமாம், அதையும் செய்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தன்யஸ்ரீயைக் கூட்டிக்கொண்டு போய் மேடையில் நடக்கவைத்துச் சொல்லிக்கொடுத்தாள், குதிகாலை முதலில் ஊன்று, தலையைக் கடைசியில் திருப்பு என்று. அவளும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டாள். அதுதான் இப்போது இடுக்கு வழியாகப் பார்க்கப் பொறுக்கவில்லை. அங்கே நடக்கிறது முப்பிடாதியின் நடை. திரும்புகிறது முப்பிடாதியின் தலை. வாய் ஒன்றுதான் அவளுடையது, அதிலும் பேசுகிறது இவள்.

சரி, நிறம்தான் காரணம் என்று வைத்துக்கொள்வோம். யாரும் சொல்லவில்லை, ஆனால் வைத்துக்கொள்வோம். தென்காசியிலிருந்து வந்த மேக்கப்காரர் சாயந்தரமே வந்து நாலு பி வகுப்பில் வரிசையாக உட்காரவைத்து மேடையேறுகிற எல்லார் மூஞ்சியிலும் அதே ரோஸ் பவுடரைத் தண்ணீரில் குழைத்து அப்பினார். ராணிக்கும் ரோஸ், மந்திரிக்கும் ரோஸ், வாயில்காப்போனாக நிற்கிற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் ரோஸ். கழுத்துக்குக் கீழே ஒரு நிறம், மேலே ஒரு நிறம். பவுடர் உலர்ந்த பிறகு எவள் எவள் என்று கூட இருக்கிறவர்களுக்கே தெரியவில்லை. அப்படியானால் கேட்கிறேன், எல்லாரையும் ஒரே நிறமாக ஆக்குகிற பவுடர் டப்பா டப்பாவாக இருக்கும்போது முப்பிடாதி கறுப்பாக இருந்தால் என்ன, பச்சையாக இருந்தால் என்ன? இந்த இடத்துக்கு வந்ததும் அவளுடைய யோசனை மாட்டிக்கொண்டு நின்றுவிடும். நிறம் இல்லை என்றால் வேறு என்ன? வேறு என்ன என்று தேடினால் தன்னிடம் என்ன குறை என்று தேட வேண்டியிருக்கிறது, தேடத் தேட ஒவ்வொன்றாகக் கிடைக்கிறது, உயரம், முன்பல், பாட்டியின் பாட்டி காலத்துப் பேர். போதும். கோபத்தை வெளியே விடாமல் உள்ளே திருப்பி விடுகிற வித்தை இது, அவளுக்கே தெரியும். இடுக்கைக் கொஞ்சம் விலக்கினால் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசை தெரியும். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். அம்மா இருந்தாள். கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற பச்சைச் சேலை, தலை நிறையப் பிச்சிப்பூ. அவளுக்கு இரண்டு பக்கமும் பீடிக்கடைக்குச் சுற்றிக் கொடுக்கிற அத்தனை பெண்களும், இலையையும் தூளையும் இன்றைக்கு வீட்டில் போட்டுவிட்டு, முப்பிடாதி ராணியாக நிற்கப் போகிறாள் என்று வந்திருந்தார்கள். அம்மாவிடம் சொல்லவே இல்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி, அம்மா “ஏளா, ராணிக்கு நெத்திச்சுட்டி உண்டா?” என்று கேட்டபோது உண்டும்மா என்று சொல்லி, “கிரீடம் கனக்குமோ?” என்றதற்கு அட்டைம்மா, கனக்காது என்று சொல்லி, கடைசியில் சொல்லவே முடியாத இடத்துக்கு வந்து சேர்ந்தாயிற்று. இப்போது அம்மா கழுத்தை நீட்டி ராணியைப் பார்க்கிறாள். பக்கத்தில் இருக்கிற செண்பகத்தக்கா காதில் என்னமோ சொல்ல, அம்மா சிரிக்கிறாள். என்ன சிரிப்பு அது? அந்த ரோஸ் மூஞ்சியை மகள் என்றே நம்பிவிட்டாளோ? குரல் மகளுடையது, நடை மகளுடையது, மூஞ்சியில்தான் பவுடர் இருக்கிறதே. அம்மா கண்டுபிடித்துவிட்டால் அவமானம். கண்டுபிடிக்காமல் தன்யஸ்ரீயைப் பார்த்து எம்மவ எம்மவ என்று ஊரெல்லாம் கைதட்டிவிட்டுப் போனால் அதைவிடக் கேவலம். நாளைக்கு வீட்டில் ஏளா, நேத்து ரொம்ப அழகா இருந்த என்பாள். அதைக் கேட்டுக்கொண்டு எப்படிச் சோறு தின்பது.

“என்னளா, மந்திரி வசனம் வரப்போகுது, ஒதுங்கு” என்று முழங்கையால் இடித்தாள் பாத்திமா ஜாஸ்மின். ஆண் வேஷம் அத்தனைக்கும் குரல் அவள்தான், தனக்கென்று ஒரு மைக்கோடு பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, வசனத்துக்கு வசனம் நடுவில் முறுக்கை நொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிரச்சினையே இல்லை. “எங்க வாப்பா மேடையேற விடமாட்டாவ. பேசவாவது விட்டாவளே, எனக்கு இதே பெருசு” என்பாள். எப்படித்தான் இப்படிச் சந்தோஷமாக இருக்க முடிகிறதோ, அவள்மேலும் கோபம்தான் வந்தது முப்பிடாதிக்கு. முன்னால் மந்திரி மீசையைத் தடவ, ஜாஸ்மின் தொண்டையைக் கட்டையாக்கிக்கொண்டு “அரசியாரே, பக்கத்து நாட்டின் படை பெரிது. பாதிக் குளத்தைக் கொடுத்து மீதிக் குளத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாமே” என்று ஆரம்பித்தாள். நீளமான வசனம். ராணி அசையாமல் கேட்க வேண்டும். அசையாமல் நிற்கத் தெரிந்தால்தானே. ஒட்டியாணத்தின் கொக்கி கழன்றுவிட்டது போல, அது இடுப்பிலிருந்து நழுவியது, தன்யஸ்ரீ இடதுகையால் லபக்கென்று பிடித்தாள். தொட்டாயிற்று. தொட்டால் பேச வேண்டும். மூளை யோசிக்கும் முன்னால் முப்பிடாதியின் வாய் திறந்துகொண்டது. “போதும் அமைச்சரே, கோழையின் ஆலோசனை எனக்குத் தேவையில்லை.” மந்திரி இன்னும் பாதி வசனத்தில் இருக்கிறாள். ராணியின் வாய் இறுக மூடியிருக்கிறது, கையோ இடுப்பைப் பிடித்திருக்கிறது, ஆகாயத்திலிருந்து வருவதுபோல ராணியின் குரல் மட்டும் வருகிறது. மைதானமே கொல்லென்று சிரித்தது. பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். ஜாஸ்மின் காலால் உதைத்தாள். அடுத்த நிமிஷம் முப்பிடாதியின் கைச்சதையைப் பின்னாலிருந்து யாரோ பிடித்துத் திருகினார்கள். சற்குணம் டீச்சர். மல்லிகைப்பூ வாசமும் வியர்வையுமாகக் குனிந்து, மைக்கில் விழாதபடி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். “கவனம் எங்க இருக்கு ஒனக்கு? நல்லவேளை ஒன்னய முன்னால நிறுத்தல. ஸ்கூல் மானமே போயிருக்கும்.” அவதான் டீச்சர் தொட்டா என்றாள் முப்பிடாதி. “வாய மூடுளா” என்றார் டீச்சர். வாயை மூடவாம். யார் வாயை மூடினால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் பேசுகிறாரா இவர்.

நல்லவேளை உன்னை முன்னால் நிறுத்தவில்லை. திருகிய இடம் விண்விண்ணென்று தெறித்தது, அதைவிட அந்த வார்த்தை தெறித்தது. இப்போது பார்த்தீர்களா, கணக்கு எப்படி நேராகிவிட்டது. இத்தனை நாள் காரணம் இல்லாமல் செய்த காரியத்துக்கு இன்றைக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. இனி யார் கேட்டாலும் சொல்லலாம், அந்தப் பிள்ளைக்குக் கவனம் பத்தாது, அதனால்தான் என்று. கொக்கி கழன்றது தன்யஸ்ரீக்கு, கவனம் இல்லாதவள் முப்பிடாதி. முன்னால் தன்யஸ்ரீ ஒரு கையால் ஒட்டியாணத்தைச் சரிசெய்துகொண்டே திரைப்பக்கம் திரும்பி ஒரு முறை முறைத்தாள், ஜனங்கள் பார்க்கும்படி, தப்பு அங்கே என்று காட்டும்படி. அதற்கும் கொஞ்சம் சிரித்தார்கள். இந்தக் கழுதைக்கு அழுகை வந்தபோது மேக்ஸ் டெஸ்டில் பேப்பரைச் சாய்த்துக் காட்டியவள் யார்? வயிற்றுவலி என்று சுருண்டபோது பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போனவள் யார்? ராணி வேஷத்தை எனக்குக் கொடுக்காதீங்க டீச்சர், அவளுக்குத்தான் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருப்பாளா? கேட்டதற்கு “டீச்சர்தாம்ப்பா சொன்னாங்க, நான் என்ன பண்ண” என்று தோளைக் குலுக்கினாள். அவளும் சரி டீச்சர்தான். ஆனால் அவளுடைய சரி டீச்சருக்குக் கிரீடம் கிடைக்கிறது, இவளுடைய சரி டீச்சருக்கு ஆடுகிற ஸ்டூல் கிடைக்கிறது. இருக்கட்டும். கடைசிக் காட்சி வருகிறது. தூதுவன் வந்து, குளத்தைக் கொடுக்கிறாயா இல்லையா என்று கேட்பான், ராணி அப்போது பேசுகிற நீண்ட வசனம்தான் நாடகமே. அதற்காகத்தான் ஊர் உட்கார்ந்திருக்கிறது. அப்போது பேசாமல் இருந்துவிட்டால்? ஒட்டியாணத்தைத் தொடட்டும். தொட்டுக்கொண்டே இருக்கட்டும். பபிள்கம் மெல்லட்டும். சத்தம் வராது. வாய மூடு என்று நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, மூடிட்டேன். டி.சி. கொடுப்பார்களா? கொடுக்கட்டும். அம்மாவைக் கூப்பிட்டு ஹெச்.எம். ரூமில் நிற்கவைப்பார்கள், அம்மா சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு சரிங்கம்மா சரிங்கம்மா என்பாள். ஐயோ, அம்மா. அம்மாவுக்கு இன்னமும் அந்த ரோஸ் மூஞ்சிதான் மகள் என்றால், மகளல்லவா வசனம் மறந்து நிற்பாள். அதையும் நினைத்தாள். நினைத்த பிறகும் கோபம் இறங்கவில்லை.

விளக்கைச் சிவப்பாக மாற்றினார்கள். தூதுவன் ஓலையைத் தூக்க, ஜாஸ்மின் முறுக்கை மடியில் வைத்துவிட்டுக் கடுமையான குரலில், “கடைசியாகக் கேட்கிறேன். குளத்தின் சாவியைத் தருகிறீரா, இல்லை எங்கள் படையை வரச் சொல்லட்டுமா?” என்றாள். குளத்துக்கு ஏது சாவி என்று ரிகர்சலில் எல்லாரும் சிரித்தது; டீச்சர் எழுதியது, அப்படியே இருந்துவிட்டது. ராணி மூன்றடி முன்னால் வந்தாள். குதிகால் முதலில், தலை கடைசியில். ஒட்டியாணத்தைத் தொட்டாள். முப்பிடாதி மைக்கைத் தாடைக்குக் கீழே இறக்கினாள். வாயை மூடிக்கொண்டாள். ஒட்டியாணத்தை மறுபடி தொட்டாள் ராணி. வாய் லேசாகத் திறந்தது, சத்தம் வராததைக் கண்டு மூடிக்கொண்டது. மைதானத்தில் பேச்சு நின்றது, கைக்குழந்தை ஒன்று அழுகிற சத்தம் மட்டும். மூன்றாவது தடவை அவள் தொடவில்லை, ஒட்டியாணத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள், விரல் நடுங்கியது, கண் மட்டும் திரைப்பக்கம் வந்து கெஞ்சியது. கெஞ்சு. நல்லா கெஞ்சு. முப்பிடாதிக்கு உடம்பெல்லாம் இனித்தது, இத்தனை மாசத்தில் முதல் தடவையாக ராணி யார் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. பின்னால் சற்குணம் டீச்சர் ஓடிவருகிற செருப்புச் சத்தம். ஜாஸ்மின் வெலவெலத்துப் போய் முப்பிடாதியைப் பார்த்தாள். பாவம், இவளுக்கு வசனம் மறந்துவிட்டது, அடி வாங்கப் போகிறாள் என்று நினைத்தாள் போல. நல்ல மனசுக்காரி. நல்ல மனசுக்காரர்களால்தான் காரியம் கெடுகிறது. தன் மைக்கை எடுத்து, மந்திரியின் கட்டைக்குரலில், எழுதாத வசனம் ஒன்றைச் சொன்னாள். “பார்த்தாயா தூதனே. எங்கள் அரசியார் உன்னோடு பேசக்கூட விரும்பவில்லை. இந்த மௌனத்தின் பொருள் உனக்குப் புரியவில்லையா?” முன்னால் மந்திரி வேஷம் போட்ட பிள்ளை திடுக்கிட்டு, தாமதமாக மீசையைத் தடவிக்கொண்டு இரண்டு தடவை வாயசைத்தாள். அவ்வளவுதான். மைதானம் கைதட்டியது. சும்மா கைதட்டல் இல்லை, முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை, சிறப்பு விருந்தினர் எழுந்து நின்று தட்டினார். நடுங்குகிற விரலும் கலங்கிய கண்ணும் கோபம் என்றே எல்லாருக்கும் பட்டுவிட்டது. ஓடிவந்த சற்குணம் டீச்சர் பாதி வழியில் நின்று, மார்பில் கைவைத்து, மூச்சை விட்டார். “நல்லாருக்கே. தன்யா மூஞ்சியப் பாரு, என்னமா நடிக்கா.”

பேசினால் அது தன்யஸ்ரீயுடையது. சரி, பேசாமல் இருந்தால்? அதுவும் அவளுடையது. முப்பிடாதி ஸ்டூலில் உட்கார்ந்து கைதட்டலைக் கேட்டுக்கொண்டிருந்தாள், அது நிற்கிற மாதிரி இல்லை. உள்ளே இருக்கிற கோபத்தைக்கூட அள்ளிக்கொண்டு போய் அவள் மூஞ்சியில் அப்பிவிட்டார்கள். இந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு இவள் என்ன செய்தாலும் அது முன்னால் போய் வேறு ஒருத்தியின் பேரில்தான் விழும். அழுதால் அழுகை அவளுடையதாகும். செத்தால்கூட ராணி நன்றாகச் செத்தாள் என்பார்கள். இதைப் பின்னாலிருந்து ஒன்றும் பண்ண முடியாது. புரிந்த மாத்திரத்தில் தலை தெளிந்துவிட்டது அவளுக்கு, கோபம் இருந்தது, ஆனால் கொதிக்கவில்லை, ஒரு இடத்தில் நின்றது. கைதட்டல் அடங்கியது. தைரியம் வந்துவிட்ட தன்யஸ்ரீ நிமிர்ந்து, மறுபடி ஒட்டியாணத்தைத் தொட்டாள். “பேசுளா, இப்பவாவது பேசு” என்றாள் ஜாஸ்மின். பேசுதேன் என்று சொல்லிவிட்டு முப்பிடாதி எழுந்தாள். மைக் ஒயர் ஸ்டூலைச் சுற்றியிருந்தது, இழுத்தாள், ஸ்டூல் குப்புற விழுந்தது. “ஏட்டி, எங்கப் போற? உள்ள வா” என்று டீச்சர் அவள் கோட்டின் நுனியைப் பிடித்தார். பிடித்த கையிலிருந்து நுனி உருவிக்கொண்டு வந்தது. சரி டீச்சர் வாய்வரை வந்தது, பழக்கம்தானே, விழுங்கினாள்.

வெளிச்சம் கண்ணைக் குத்தியது. ஒயர் மேடையின் ஓரம் வரைதான் எட்டியது, அதற்குமேல் விடவில்லை, அங்கேயே நின்றாள். மெரூன் கோட்டு, ரெட்டைச் சடை, சாயம் போன ரிப்பன், மூஞ்சியில் ஒரு துளி பவுடர் இல்லை. யாரு இது, மைக் ரிப்பேரா என்று யாரோ கேட்டார்கள். ஒருத்தர் சிரித்தார், பத்துப் பேர் சிரித்தார்கள், அப்புறம் மைதானமே சிரித்தது. சற்றுமுன் ஆகாயக்குரலுக்குச் சிரித்த அதே சிரிப்பு. தன்யஸ்ரீ இரண்டடி தள்ளித்தான் நின்றாள். கிட்டத்தில் பார்த்தால் பவுடர் வியர்வையில் கோடு கோடாக இறங்கியிருந்தது, கண்ணில் பயம் இருந்தது, அவ்வளவுதான் ராணி. முப்பிடாதி மைக்கைத் தூக்கினாள். “தூதுவரே,” என்றாள், “உங்கள் மன்னரிடம் போய்ச் சொல்லும்.” பழக்கதோஷத்தில் தன்யஸ்ரீயின் வாயும் கூடவே அசைந்தது. குரல் எங்கேயிருந்து வருகிறது என்று இப்போது எல்லாருக்கும் தெரிகிறதே. இரண்டு வாயையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ‘போய்ச் சொல்லும்’ வரை அசைத்துவிட்டு தன்யஸ்ரீ வாயை மூடிக்கொண்டாள், மூடிக்கொண்டு இவளைப் பார்த்தாள். சிரிப்பு இன்னும் ஓயவில்லை. முப்பிடாதி காத்திருக்கவில்லை. வசனத்தை முதலிலிருந்து, முன்னைவிடச் சத்தமாக, ஆரம்பித்தாள். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் ஒரு பச்சைச் சேலை எழுந்து நின்றது. பின்னால் இருந்தவர்கள் மறைக்குது, உக்காரும்மா, உக்காரு என்று கத்தினார்கள். அவள் உட்காரவில்லை.